வாயை மூடச் சொன்ன வைத்தியம்

எங்கள் வீட்டில் மூடியில்லாத தூக்குவாளி இரண்டு இன்னும் இருக்கின்றன. யாரும் தூக்கிப்போடச் சொல்வதில்லை.

மார்க்கையன்கோட்டையில் அப்போது கல்யாணமோ காதுகுத்தோ, மைக்கைப் பிடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஆள் நான்தான். அப்படி நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் நான்கு வயது மகள் மட்டும் ஒரு தடவைகூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாள். தூக்குவாளி மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமைகளில் மதுரையிலிருந்து தேனிக்கு ஒரு உளவியல் மேடம் வருவார். நாங்கள் கூட்டிப்போன மகளைப் பாயில் உட்கார வைத்து பொம்மை, பந்து, கட்டைகள் என்று ஒவ்வொன்றாக நீட்டினார். எங்களிடமும் ஏகப்பட்ட கேள்விகள். பிள்ளை ஃபெயிலாகிவிடக் கூடாதே என்று நான் பின்னால் நின்று ஆடு மாதிரிக் கத்தினேன். மேடம்தான் சிரித்தார். மகளோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த மூடியைச் சுற்றிவிட்டாள்.

ஆட்டிசம் என்று மேடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பிறகு, “சார், அவ உங்ககிட்ட வரட்டும்னு காத்திருக்காதீங்க. தினமும் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து, அவ செய்றதையே நீங்களும் செய்ங்க. பேச மட்டும் கூடாது” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே, “ஒங்களப் பேசாம இருக்கச் சொன்னாகள்ல, அதுக்கே அந்தம்மாவுக்குக் கோயில் கட்டலாம்” என்றாள்.

மறுநாளிலிருந்து, வாழைக்காய் மண்டி வேலை முடிந்து வந்ததும் நானும் ஒரு மூடியோடு உட்கார்ந்தேன். அவள் மூடி பம்பரமாகச் சுழலும். என்னுடையது உடனே படுத்துவிடும். அடுத்த வீட்டு மதினி எட்டிப் பார்த்து, “ஆத்தா, பிள்ளைக்கு வைத்தியம்னுதான போனீக? இங்கன அப்பனுக்குல்ல முத்திப்போச்சு!” என்றார். பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்த சாயங்காலங்கள் அவைதான். அதனால்தானோ என்னவோ, அந்த மூடிகளின் சத்தம்கூட இன்னும் காதில் இருக்கிறது.

தோட்டங்களில் கிளை வெட்டிக் கவாத்து முடிந்த திராட்சை மறுபடி காய்த்துவிட்டது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. மேடத்திடம் போனால், “விடாம செய்ங்க சார்” என்பார்.

ஒருநாள் மகள், சுழன்ற மூடியைச் சட்டென்று கையால் அமுக்கினாள். நானும் அமுக்கினேன். கடைக்கண்ணால் என் கையைப் பார்த்தாள். மூடியை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். நானும் வைத்தேன். அப்போதே எனக்கு முடி குறைவு. மூடி சறுக்கி, மூக்கில் இடித்து, மடியில் விழுந்தது. என் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு உடனே ஒரு வசனம் வந்துவிட்டது. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்த மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, “வாயத் தொறந்திராதீக” என்று கிசுகிசுத்தாள்.

திறக்கவில்லை. மகள் மறுபடி மூடியைத் தலையில் வைத்துவிட்டு, என் கையைப் பார்த்துக் காத்திருந்தாள்.