எங்கள் தெருவின் நீலம்

"ஊருதான் கண்ணெதிர்ல இருக்குதே, அதப் போய் எதுக்குமா காலேஜுல படிக்கணும்?" நகரத் திட்டமிடலில் சேர்ந்தபோது அப்பா கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பெருமையில் சிரித்தேன்.

இன்று வகுப்பில், பழைய நில அளவைப்படி காஞ்சிபுரத்து ஏரிகளுக்கு வரைபடத்தில் நீலம் தீட்டச் சொன்னார்கள். செவிலிமேட்டுப் பக்கம் பென்சில் எங்கள் தெருமேல் ஏறியது. கை நின்றுவிட்டது.

ஐப்பசி மழை தொடங்கினால் அப்பா கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பார். அம்மா ரேஷன் கார்டையும் என் புத்தகங்களையும் பையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுவாள். சேற்று வாசனையோடு தண்ணீர் வாசல் தாண்டும்போது, "விருந்தாளி வந்துக்கினு இருக்காரு, வழி வுடுமா" என்பார் அப்பா. நான் கட்டில்மேல் உட்கார்ந்து கைதட்டுவேன்.

ஏரியின் வீட்டில் நாங்கள்தான் விருந்தாளிகளாக இருந்திருக்கிறோம்.

"ஏரிக்குள்ள கட்டின வீடுங்கள எடுத்துட்டா ஊருக்குள்ள வெள்ளம் வராது" என்றார் பேராசிரியர். தேர்வில் நானும் அதையேதான் எழுதுவேன். அப்பா கொத்தனார், எங்கள் வீட்டுச் சுவரை அவரே எழுப்பினார்.

தெரு முழுவதையும் நீலமாக்கினேன். அங்கிருப்பவர்களை எங்கே குடிவைப்பது என்பதையே இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.