ஆயுத பூஜையன்று நிற்க மறுத்த வேன்

ஆயுத பூஜையன்று வண்டி கிளம்பாவிட்டால் கவலைப்படுவார்கள். எங்கள் வேன் கிளம்பிவிட்டு நிற்க மாட்டேன் என்றது.

அறுபதுகளில் காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைத்தார் மண்டிக்கு நான் டிரைவர். பழைய பெட்ரோல் வேனுக்கு டீசல் இன்ஜின் மாட்டச் சொல்லி முதலாளியை நச்சரித்தவனும் நான்தான். "இது ஏதாவது மக்கர் பண்ணுச்சு, வண்டியையும் வித்துடுவேன், உன்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று அவர் சொல்லியிருந்தார். எனக்குத் தையில் கல்யாணம். ஸ்ரீரங்கத்துப் பெண் வீட்டார் சம்மதித்ததே இந்த வேலையை நம்பித்தான்.

பூஜை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். முதலாளியம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார். நான் பெடலைத் தொடவே இல்லை. வேகம் தானாக ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பொட்டும் மாலையுமாக வேன் நின்ற இடத்திலேயே குதித்தது, ஊளையிட்டது. மண்டி முழுக்க நீலப் புகை. டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்தேன். கேட்டால்தானே!

"கண்ணு பட்டிருச்சுங்க, பூசணிக்காய உடைங்க!" என்று சுமை தூக்குகிறவர்கள் கத்தினார்கள். உடைத்தும் பார்த்தார்கள். முதலாளி வாழைத்தார்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆஃப் பண்ணுடா! ஆஃப் பண்ணுடா!" என்றார். எனக்குப் பயம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

பானெட்டைத் திறந்தேன். டீசல் போகவில்லை, ஆனாலும் ஓடுகிறது. அப்படியானால் வேறு எதையோ குடிக்கிறது. நீலப் புகை வந்தால் எரிவது எண்ணெய். எதுவானாலும் காற்றில்லாமல் எரியாது. முதலாளியம்மா கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, காற்று இழுக்கும் குழாயின் வாயில் வைத்து அமுக்கினேன். இன்ஜின் இரண்டு முறை விக்கியது, நின்றது.

"ஐயோ, ரத்தம்!" என்றார் யாரோ.

"ஆரத்திங்க" என்றேன். சட்டையெல்லாம் சிவப்பு.

பிறகு காற்றை வடிகட்டும் டப்பாவைக் கழற்றினேன். தூசி பிடிக்க அதன் அடியில் ஒரு கிண்ணம் எண்ணெய் இருக்கும். பாதியில் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டினால் காற்றோடு எண்ணெயும் இன்ஜினுக்குள் போய்விடும். காலையில் கோடு வரை ஊற்றி, திறந்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். இப்போது, இன்ஜின் உறிஞ்சிக் குடித்தது போக, கோட்டுக்கு மேல் இரண்டு விரல் நின்றது.

"எவன்டா ஊத்தினது? அவனுக்கு இன்னியோட வேலை இல்ல!" என்று முதலாளி குதித்தார்.

குளித்துவிட்டு வந்தபோது கிண்ணம் மூடியிருந்தது. உள்ளே பார்க்காமல் டப்பாவை மாட்டி முறுக்கியவன் நான். வேலை போயிற்று, கல்யாணமும் போயிற்று என்றே நினைத்தேன்.

முதலாளியம்மா முகவாய்க்கட்டையில் கை வைத்தார். "ஏங்க, நீங்கதானே ஊத்தி மூடுனீங்க? நல்ல நாளும் அதுவுமா கிண்ணம் குறையா இருக்கேன்னு?"

மண்டியே சிரித்தது.  முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாமி முன்னாடி சொல்லிட்டேன். எனக்கு இன்னியோட வேலை இல்ல, நான் வீட்டுக்குப் போறேன். எண்ணெய் டின் இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். சுண்டலைப் பொண்ணு வீட்டுல குடுத்துட்டு வா."

"எதுலங்க போறது?"

"வேன்லதான்!"

கோட்டுக்கு மேலிருந்த எண்ணெயை வடித்துவிட்டுக் கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் பெடலை மெல்ல மிதித்தேன். மிதித்த அளவுக்கு ஓடியது, காலை எடுத்ததும் அடங்கியது. சிவப்புச் சட்டையோடு பாலம் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.