குதிரைக்குப் புள்ளி

வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்தைப் பார்த்த ஒரு மாடிவீட்டில் கிருபாகரன் தனியாக இருந்தார். பகலில் கொள்ளுப்பிட்டியில் மென்பொருள் வேலை. பின்னேரங்களில், சதுரங்கம் ஆடும் ஒரு புரோகிராமோடு மல்லுக்கட்டுவார். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்கள்கூடக் கேட்டுக் களைத்துவிட்டார்கள்.

புரோகிராமைத் திருத்தினால் அது தேறியதா, கெட்டுப்போனதா என்று எப்படி அறிவது? அதற்காகப் பழைய ஆட்டங்களின் நடுவிலிருந்து சில நிலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான நகர்வை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார். திருத்தியதும் எல்லாவற்றையும் ஓடவிடுவார். குறித்த நகர்வையே சொன்னால் ஒரு புள்ளி. ஒரு நிலையில் புள்ளி தப்பினாலும் திருத்தம் குப்பைக்கு. பள்ளிக்கூடச் சோதனைதான், கேள்வியும் விடையும் ஒரே ஆளுடையது.

அதில் ஒரு நிலை, அண்ணன் முறையில் 'நானா' என்று அவர் கூப்பிடும் கீழ்வீட்டு றவூபோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் வந்தது. ஞாயிறு தவறாமல் கிருபாகரன் கீழே இறங்கிப்போய் ஆடுவார். அன்று குதிரையைப் பலிகொடுத்து வென்றார்.

"குதிரையக் குடுத்தது பிழை, கிருபா. ராஜாவ ஒதுக்கியிருக்கணும். நான் ஒழுங்கா ஆடியிருந்தா நீங்க தோத்திருப்பீங்க" என்றார் றவூப்.

"தோத்த ஆள் கதைக்கிற கதை!"

சொன்னவர் இவர், கோபித்துக்கொண்டவரும் இவரே. அதோடு கீழே போவதை நிறுத்தினார். சில மாதத்தில் றவூப் மகள் மர்லியாவின் வீட்டோடு இருக்க வத்தளைக்குப் போய்விட்டார். கிருபாகரன் அந்த நிலைக்குச் சரியான விடை குதிரைதான் என்று வீம்புக்குக் குறித்தார்.

அதன்பிறகு புரோகிராம் தேறவேயில்லை. நல்ல திருத்தங்கள் எத்தனையோ மற்ற எல்லா நிலையிலும் தேறி, அந்த ஒன்றில் மட்டும் ராஜாவை நகர்த்தின. அத்தனையையும் தூக்கி எறிந்தார். இணையத்தில் பிறர் செய்த புரோகிராம்களிடம் அவருடையது உதை வாங்கியது.

ஒரு ஞாயிறு பின்னேரம் புதுத் திருத்தமும் ராஜாவையே சொன்னது. எரிச்சலோடு குதிரையைத் தானே கொடுத்து, கறுப்புக் காய்களைப் புரோகிராமிடம் விட்டு ஆடினார். தோற்றார். திரும்ப ஆடினார், திரும்பவும் தோற்றார். சோதனையில் பெயிலானது புரோகிராம் அல்ல. வெட்கமாக இருந்தது. அதைவிட, சொல்வதற்கு ஆளில்லாமல் இருந்தது.

தொலைபேசியை எடுத்தார்.

"றவூப் நானா, அந்தக் குதிரை பிழைதான். நீங்கள் சொன்னதுதான் சரி."

"எந்தக் குதிரை?"

விளக்கினார். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"அதெல்லாம் எனக்கு எங்க ஞாபகம்! நீங்க வராமப் போனதுதான் ஞாபகம் ஈக்கி. கொஞ்ச நாள் ஞாயிறுல பலகைய விரிச்சு வெச்சுப் பாத்தேன். ஏன் கிருபா வரல்ல?"

கோபமில்லாமல்தான் கேட்டார்.

"வேலை கூடிப்போச்சு, நானா" என்றார் கிருபாகரன்.