எண்ணை நீக்கக் கோரிய மனு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தூத்துக்குடியில் ஒரு பருத்திக் கிட்டங்கியில் ரைட்டராக இருக்கிறேன். அப்படியிருந்தும் ஸ்டேஷன் பக்கம் போனால் ஜட்கா வண்டிக்காரர்கள் என்னைப் பருத்தி ரைட்டர் என்று சொல்வதில்லை. “ஏலே, எண்ணெய் ரைட்டர் வாராரு, வழி விடுங்கலே” என்பார்கள். கேலிதான். அந்தக் கேலியை நான் ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொள்கிறேன். அது கிடைத்த கதை இது.

என் அப்பா ஜட்கா ஓட்டுகிறவர். வண்டி சொந்தம். குதிரையும் சொந்தம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த பெட்டைக் குதிரை. வில்லைதான் சொந்தமில்லை. வில்லை என்பது நகரசபை கொடுக்கும் பித்தளைத் தகடு. நம்பர் வெட்டியிருக்கும். வண்டியின் பின்புறத்தில் அதை அடித்திருந்தால்தான் ஆள் ஏற்றலாம். ஊர் முழுவதற்கும் நாற்பது வில்லை. நாற்பத்தொன்று என்ற பேச்சே கிடையாது.

ஏன் நாற்பது என்றால், நான் கைக்குழந்தையாக இருந்தபோது முத்துக் குளிப்பு நடந்ததாம். சிப்பி வாங்கவும் வேடிக்கை பார்க்கவும் ஜனம் குவிந்ததில், பாளையங்கோட்டை வரைக்கும் உள்ள வண்டிகள் எல்லாம் இங்கே வந்து தெருவை அடைத்துவிட்டன. அதற்காகப் போட்ட வரம்பு. முத்து போய்விட்டது. அதற்குப் பிறகு கடலில் சங்குதான் எடுக்கிறார்கள். வரம்பு மட்டும் போகவில்லை. ஊரில் மில் பெருகியது, வீடுகள் மில்லர்புரம் பக்கம் பரவின, கொழும்புக் கப்பலிலிருந்து லாஞ்சில் வந்து இறங்குகிறவர்கள் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். வில்லை நாற்பதுதான்.

கிடைக்காத பொருளுக்கு ஒரு மவுசு வந்துவிடும் அல்லவா? எங்கள் ஊரில் வில்லையைச் சீதனமாகக் கொடுக்கிற வழக்கம் வந்துவிட்டது. பெண்ணுக்கு நகை, பாத்திரம், கட்டில், ஒரு வில்லை. “பையன் என்ன செய்யுதான்?” என்று யாராவது கேட்டால், “அவன் எதுக்குச் செய்யணும்? ரெண்டு வில்லை கெடக்குல்லா” என்று பதில் வரும். இப்படி வில்லை குதிரைக்காரர்கள் கையை விட்டுக் கடைக்காரர்கள் கைக்கும், அவர்கள் மருமகன்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது. குதிரைக்காரன் அதை வாடகைக்கு வாங்கி அடித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் வண்டியில் இருந்தது பதினேழாம் நம்பர் வில்லை. அது பெரிய கடைத்தெருவில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியுடையது. நல்ல மனிதர். தீபாவளிக்குக் கருப்பட்டிச் சிப்பம் அனுப்புவார். ஆனால் அப்பா வண்டியை மண்டி முன்னால் நிறுத்தினால் மட்டும் கல்லாவை விட்டு இறங்கவே மாட்டார். இருந்த இடத்திலிருந்தே கையை ஆட்டிப் பேசுவார். பெரிய மனிதர், இறங்கி வருவது கௌரவக் குறைவு என்று நினைக்கிறார் போலும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் ஒருநாள் அந்தக் கல்லாவிலிருந்தே அவர் சொன்னார்: “தையில மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டார் வில்லையைக் கேக்காவ. மாப்பிள்ளைக்கு அண்ணன் ஆழ்வார்திருநகரியில வண்டி வச்சிருக்கானாம், இங்கன வந்து ஓட்டுவானாம். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு.”

அப்பா, “கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும் அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

வில்லை போனால் வண்டி வெறும் மரம். குதிரைக்குத் தீனி எங்கிருந்து வரும்? ஒரு வாரத்தில் ஆத்தூர் வெற்றிலை வியாபாரி ஒருவர், செய்தி கேட்டு, குதிரையை விலை பேச வந்தார். அதன் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். அப்பா லகானைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவர் போன பிறகு அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “கண்ட ஆளும் அது வாயில கையை விடுதான், நீங்க மரம் மாதிரி நிக்கியளே!” அப்பா, “தை வரைக்கும் பொறு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்ததோடு சரி. பத்து வருஷம் என்னைப் படிக்க வைத்த மனிதர் ஒரு தடவை பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மனு எழுதினேன். என் படிப்பு முழுவதையும் அதில் இறக்கினேன். முத்துக் குளிப்பில் தொடங்கி, மில், கப்பல், பிரசவத்துக்கு வண்டி கிடைக்காத பெண்கள் என்று ஒன்பது பக்கம். நகரசபை ஆபீசில் அதை வாங்கிய குமாஸ்தா எடை பார்ப்பவர் போலக் கையில் தூக்கிப் பார்த்தார். “தம்பி, லைசென்சு விஷயம் வருஷத்துக்கு ஒரு கூட்டத்திலதான் எடுப்பாவ. அது பங்குனியில.” தையில் கல்யாணம், பங்குனியில் கூட்டம். அதற்குள் குதிரை ஆத்தூரில் வெற்றிலைக் கட்டு இழுத்துக்கொண்டிருக்கும். ஆறு பக்கமாகக் குறைத்து இரண்டாவது மனு கொடுத்தேன். அதே பதில். மூன்றாவது தடவை அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “இவ்வளவு எழுதினா யாரு படிப்பா? நாலு வரியில எழுதிக் கொடு. எந்தத் தலைப்பிலயாவது நுழையுதான்னு பாப்போம்.”

நாலு வரியில் எழுதுவது ஒன்பது பக்கத்தைவிடக் கஷ்டம். ஒவ்வொரு சொல்லாக வெட்டினேன். ‘எண்ணிக்கை வரம்பை’ என்பது நீளமாக இருந்தது. எண் என்றாலும் அதுதானே? கடைசியில் நின்றது இது: “இந்நகரில் ஜட்கா வண்டிகளுக்கு விதித்துள்ள எண்ணை உடனே நீக்கி உத்தரவிட வேண்டுகிறோம்.” எழுதி முடித்து நானே மூன்று தடவை வாசித்து மெச்சிக்கொண்டேன். வண்டிக்காரர்கள் பெருவிரல் வைத்தார்கள்.

மார்கழிக் கூட்டத்தின் அஜெண்டாவைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன். பதினோராவது விஷயம்: “ஜட்கா வண்டிகளின் விளக்கு எண்ணெய் குறித்த மனு.”

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. காது சுட்டது. யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் தீரவில்லை. விளக்கு எரியாத வண்டிக்கு அபராதம், எரிப்பதற்கு எண்ணெய் இல்லை என்று ஊரெல்லாம் புலம்பல். எண்ணெய் விஷயம் கூட்டத்துக்குக் கூட்டம் தவறாமல் வரும். ஊரில் எண்ணெயை எண்ணை என்றுதானே பாதிப்பேர் எழுதுகிறார்கள்? ‘எண்ணை நீக்கி’ என்றதும், வண்டிக்காரர்கள் விளக்கு எரிக்கும் கட்டாயத்தை நீக்கச் சொல்கிறார்கள் என்று குமாஸ்தா எடுத்துக்கொண்டார். அவர்மேல் என்ன குற்றம்? எழுதினவன் நான்.

வண்டிப்பேட்டையில் போய் உண்மையைச் சொன்னேன். அங்கே அப்பாவுக்குக் கூட்டாளி ஒருவர், கடற்கரைக்காரர், முன்பு தோணியில் போனவர், இப்போது வாடகை வில்லையில் வண்டி ஓட்டுகிறார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பத்து வருசம் படிச்சு எண்ணெயில வழுக்கி விழுந்தியாடே!”

“நாளைக்கே போய்த் திருத்திட்டு வாரேன்” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். “திருத்தினா என்ன ஆவும்?”

“லைசென்சு தலைப்புக்குப் போயிரும். பங்குனிக்கு.”

“குருசு மேல ஆணையாச் சொல்லுதேன், நீ அந்தப் பேப்பர்ல கையை வச்சே, கையை ஒடிச்சிருவேன். கூட்டத்துக்குள்ள போயாச்சுல்லா? உள்ள போனபிறகு எண்ணெயோ தண்ணியோ, பேசிக்கிடலாம்.”

அன்று எனக்குத் தூக்கம் இல்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே தூங்கினேன். காலையில் மட்டும் மனசு கேட்கவில்லை. குமாஸ்தாவிடம் போய், “ஐயா, அது எண்ணெய் இல்லை, எண்” என்று சொல்லிவிட்டேன். அவர் மனுவை எடுத்து வாசித்தார், மறுபடி வாசித்தார், பேனாவைக் கீழே வைத்தார். “அஜெண்டா ஒட்டியாச்சு தம்பி. இனிமே நான் கிழிக்க முடியாது. நீ வேணும்னா வாபஸ் எழுதிக் கொடு.”

“எழுதித்தான் ஆகணுமா?”

“வேணும்னான்னுதானே சொன்னேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதக் கட்டைப் பிரித்தார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை.

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. பார்வையாளர் பெஞ்சில் அப்பா, கடற்கரைக்காரர், நான். விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, வில்லை வைத்திருக்கிறவர்களும் வந்திருந்தார்கள். மண்டி அண்ணாச்சி எங்களுக்குப் பக்கத்துப் பெஞ்சு. அப்பா எழுந்து கும்பிட்டார், அவரும் கும்பிட்டார்.

பதினோராவது விஷயம் வந்தது. சேர்மன் மனுவை வாங்கிச் சத்தமாக வாசித்தார். “எண்ணை உடனே நீக்கி... எண்ணெயை நீக்கிட்டா இருட்டுல குதிரைக்கு யாரு வழி காட்டுவா?” சபை சிரித்தது. “இதை எழுதின ஆள் வந்திருக்காரா?”

எழுந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த இலக்கணத் தமிழ் முதல் வாக்கியத்தோடு காணாமல் போனது. “அது எண்ணெய் இல்லைய்யா. எண். நம்பரு. நாப்பது வண்டிக்கு மேல கூடாதுன்னு வச்சிருக்கியளே, அந்த எண். அதை எடுக்கணும்னுதான் மனு.”

சிரிப்பு டக்கென்று நின்றது. வக்கீலாக இருந்த ஓர் அங்கத்தினர் எழுந்தார். இது லைசென்சு விஷயம், பங்குனிக்குத் தள்ள வேண்டும் என்றார். அவருக்கு எதிரே தோணி முதலாளி ஒருவர், அவரும் அங்கத்தினர், உட்கார்ந்தபடியே சொன்னார்: “அஜெண்டாவில ஏறின மனு. அதில என்ன எழுதியிருக்கோ அதைத்தான் பேசணும். எண்ணைன்னா ரெண்டும்தான். தமிழ் வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேளும்.” சேர்மன் யோசித்துவிட்டு, பேசலாம் என்றார்.

வக்கீல் லேசுப்பட்டவர் அல்ல. வரம்பை எடுத்தால் வண்டி பெருகும், சவாரி பங்கு போகும், குதிரைகள் எலும்பாகும், கடைசியில் பட்டினி கிடக்கப்போவது இதே வண்டிக்காரர்கள்தான் என்றார். வில்லை இருப்பதே இவர்களைக் காப்பாற்றத்தான் என்றார். என்னைப் பார்த்துத் திரும்பினார். “நீ படிச்ச பையன். நாற்பது அறுபதானால் உன் தகப்பனாருக்கே சவாரி குறையும். அது தெரியுமா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அதை மறுக்க விரும்பவில்லை. “தெரியும்யா. குறைஞ்சா ஓட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுதோம். ஓட்டவே விடாம எங்களைக் காப்பாத்த வேண்டாம்யா.”

அப்பா என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார், உட்காரச் சொல்லி. நான் உட்காரவில்லை.

தோணி முதலாளி இப்போது எழுந்தார். “வில்லை வண்டிக்காரனைக் காப்பாத்துதுன்னு சொல்லுதாரு. சரி. வில்லைக்காரங்க இங்கன நாலைஞ்சு பேரு உக்காந்திருக்காவ. ஒரே ஒரு கேள்வி. இதில யாரு குதிரை ஓட்டுதிய?”

அவர் பார்வை மண்டி அண்ணாச்சியிடம் வந்து நின்றது. “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. பதினேழாம் நம்பர் உங்களதுதானே? என்னைக்காவது லகானைப் பிடிச்சதுண்டா?”

அண்ணாச்சி எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “லகானா? எனக்குக் குதிரைன்னாலே பயம்யா. சின்ன வயசுல ஒண்ணு கடிச்சிட்டு. இவன் வண்டி வந்து நின்னா நான் கல்லாவை விட்டு இறங்குறதே கிடையாது.”

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சேர்மன் மேசையைத் தட்டினார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் தட்டினார். வக்கீல்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக் கௌரவம் இதுதானா என்று அவர் வாய் திறந்தபடி அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாதபடிக் கைகள் எழுந்தன. குதிரையையும் வண்டியையும் பரிசோதித்து, தகுதி உள்ள எவருக்கும் வில்லை கொடுப்பது. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. வக்கீலின் திருப்திக்காக ஒரு வரி சேர்த்தார்கள்: விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். கடற்கரைக்காரர் என் காதில், “எண்ணெயை நீக்கலியே!” என்றார்.

வெளியே வந்ததும் அவர் என்னைத் தூக்கி அப்பாவின் வண்டிக்குள் போட்டார். ஸ்டேஷனிலிருந்து பெரிய கடைத்தெரு வழியாகப் பழைய துறைமுகம் வரைக்கும் பன்னிரண்டு ஜட்காக்கள் வரிசையாக, மணியை ஆட்டிக்கொண்டு போயின. கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள். “எண்ணெய் ஜெயிச்சிட்டு!” என்று கத்தினார் கடற்கரைக்காரர். யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார்கள். யாருக்கும் கிடைக்கிற தகட்டை எப்படிச் சீதனம் என்று வாங்குவது? அதற்கு அண்ணாச்சி, “மாப்பிள்ளையோட அண்ணன் குதிரையைக் கொண்டு வரட்டும், நேரே போய் வாங்கிக்கிடட்டும்; என் பொண்ணுக்கு நகை போட்டு அனுப்புதேன், தகடு போட்டு அனுப்ப அவ என்ன வண்டியா?” என்று கேட்டாராம். அந்தப் பேச்சு எப்படியோ மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போய், கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது.

தை பிறந்ததும் அப்பா வில்லைக்குப் போனார். கால்நடை டாக்டர் குதிரையின் பல்லைப் பார்த்தார். இந்தத் தடவை அப்பா வேறு பக்கம் திரும்பவில்லை, தானே உதட்டைத் தூக்கிக் காட்டினார். புதிய வில்லைகளில் முதல் வில்லை அவருக்கு. நம்பர் நாற்பத்தொன்று. அவருக்கு எழுத்துத் தெரியாது. வண்டியில் அடிக்கும் முன் அதைத் தலைகீழாகப் பிடித்து நின்றார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

பெண் அழைப்புக்கு வண்டி வேண்டும் என்று மண்டி அண்ணாச்சி ஆள் அனுப்பினார். நாற்பத்தொன்று போய் மண்டி வாசலில் நின்றது. மல்லிகைச் சரம் சுற்றிய குதிரை காதை ஆட்டியது. அண்ணாச்சி கல்லாவை விட்டு இறங்கினார். ஒரு படி, இன்னொரு படி. மகளைக் கைபிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, கையை நீட்டி, சுட்டி விழுந்த நெற்றியை ஒரு விரலால் தொட்டார். தொட்ட வேகத்தில் பின்னால் குதித்தார்.

“கடிக்காது அண்ணாச்சி,” என்றார் அப்பா, “இது சொந்த வில்லைக் குதிரை.”