பத்தடியில் தொலைந்த 108

ஸ்ரீரங்கத்தில் எங்கள் கிளினிக்கைத் திறந்த அன்று காலை, நெட்வொர்க்கில் லேப் சர்வர் காவிரிக்கு அந்தப் பக்கம் புத்தூரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது. கிளினிக்கிலேயே டாக்டர் அறைகளுக்கும் தெரிந்தது. பத்தடி தள்ளி, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த ரிசப்ஷனுக்கு மட்டும் தெரியவில்லை. ரிசப்ஷனில் பதிவு போட்டால்தான் லேபில் ரத்தம் எடுப்பதற்கான ஸ்டிக்கர் வரும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு தாண்டிப் போகிறது, பக்கத்து மேஜைக்கு வரமாட்டேன் என்கிறது. இது எப்படி என்று உங்களுக்கு இப்போதே மண்டை குடைந்தால் நீங்கள் இந்த வேலைக்கு ஏற்ற ஆள். குடையவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு எத்தனையோ நல்ல வேலைகள் இருக்கின்றன.

நான் ஃபெயில் ஆனது

புத்தூர் ஆஸ்பத்திரியில் நான் சிஸ்டம் அட்மின். அடையாள அட்டையில் அப்படித்தான் இருந்தது. உண்மையில் பாதி நாள் பிரிண்டருக்கு டோனர் மாற்றிக்கொண்டிருப்பேன். மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸ் "செல்வி மேடம், பிரிண்ட் மங்கலா வருது" என்பார். போய்க் குலுக்கிப் போட்டுவிட்டு வருவேன். கையெல்லாம் கருப்பு. நெட்வொர்க் வேலை எப்போதாவதுதான் வரும், வந்தால் எனக்கு அன்று திருவிழா.

ஸ்ரீரங்கத்தில் கிளினிக் தொடங்கப்போகிறோம் என்று பேச்சு வந்ததும், நெட்வொர்க் சர்ட்டிஃபிகேட் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். அதில் பெரிய தலைவலி சப்நெட்டிங், அதாவது நெட்வொர்க் எண்களைத் துண்டு துண்டாகப் பிரிக்கிற கணக்கு. நானோ சப்நெட் அட்டவணையைச் சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி உருப்போட்டுக்கொண்டு போனேன். அவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். அட்டவணை எனக்கு ஞாபகம் இருந்தது, அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. கடைசி பட்டனை அமுக்கியவுடன் ஸ்கிரீனிலேயே ஃபெயில் என்று காட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் ஆற அமர அழக்கூட அவகாசம் தரமாட்டார்கள்.

எங்கள் நிர்வாக அதிகாரி ரங்கராஜன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். தினம் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் ஆபீஸ் வருவார். கோபப்பட மாட்டார், அதுதான் கஷ்டம். என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "கிளினிக் நெட்வொர்க் பிளான் நீங்களே போடுங்கோம்மா. பரீட்சையும் இன்னொரு தடவை எழுதுங்கோ. ஆனா திறப்பு அன்னிக்குச் சென்னைக் கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்து பார்ப்பார். சரியா ஓடலேன்னா அவா கையில குடுத்துடுவேன். நான் என்ன பண்றது, எனக்கும் மேல பதில் சொல்லணுமே."

கொடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது டோனர். வயது நாற்பத்திரண்டு. இன்னும் எத்தனை வருஷம் குலுக்குவது?

கேரளா லாட்டரி

பஸ்ஸில் என்னோடு வருபவர் ரஃபி. லேப் டெக்னீஷியன், என்னைவிடக் கொஞ்சம் சின்னவர், கிளினிக் லேபுக்கு அவரைத்தான் மாற்றியிருந்தார்கள். நெட்வொர்க்குக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அடுத்தவரைக் கேள்வி கேட்டு மாட்டிவிடுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதனால் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னால் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து, கடைசி இரண்டு எண்ணை ரஃபி சொல்வார். "எழுபத்தேழு. தெரு அளவு முப்பத்திரண்டு." எண்களை முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகப் பிரித்தால் அது விழும் தெருவை நான் உடனே சொல்ல வேண்டும்: 64-இல் தொடங்குகிறது, 95-இல் முடிகிறது. அளவு பதினாறு என்றால் 64 முதல் 79 வரை. ஆரம்ப எண் தெருவின் பெயர், கடைசி எண் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட வைத்திருப்பது, இரண்டையும் எந்த மெஷினுக்கும் கொடுக்கக் கூடாது. அவர் போனில் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றால் அடுத்த வண்டியைத் தேடுவார், தப்பு என்றால் பஸ்ஸே திரும்புகிற மாதிரிச் சிரிப்பார். ஒரு நாள் பின் சீட்டிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, கேரளா லாட்டரியா என்று ரகசியமாகக் கேட்டார். இல்லை, பரீட்சைக்குப் படிக்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்போது எங்கள் நம்பரை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தெரு என்று நான் சொல்வது ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதால் வந்த பழக்கம். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் உத்திர வீதி, அதற்கு வெளியே நாலு பக்கமும் சித்திரை வீதி. இருபதாம் நம்பர் வீடு என்று மட்டும் சொன்னால் கூரியர்காரர் முறைப்பார். எந்த வீதி, எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். யாருக்காவது ஒன்றை அனுப்புவதற்கு முன், இவர் நம் தெருக்காரரா என்று முதலில் பார்க்கும். நம் தெரு என்றால் நேரே கூப்பிடும். வேறு தெரு என்றால் தெருமுனையில் இருக்கிற கேட்வேயிடம் கொடுத்துவிடும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். தெரு எங்கே முடிகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் சப்நெட் மாஸ்க். ஃபெயில் ஆனபோது எனக்கு இது புரிந்திருக்கவில்லை, கணக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

கிளினிக்குக்கு 192.168.20 என்று தொடங்கும் எண்களை எடுத்துக்கொண்டு, 64 எண்களாக நாலு தெரு பிரித்தேன். முதல் தெரு ரிசப்ஷன். இரண்டாவது, 64 முதல் 127 வரை, லேபும் டாக்டர் அறைகளும். மூன்றாவது கேமராக்கள். நாலாவது, நோயாளிகளுடன் வருபவர்களுக்கான வைஃபை. யாரோ ஒருவருடைய போனும் லேப் ரிப்போர்ட்டும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

லேப் சர்வருக்கு 70 என்று வைத்திருந்தேன். ரங்கராஜன் சார் பிளானைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"இதுக்கு 108 குடுக்க முடியுமோ? திவ்யதேசம் நூத்தியெட்டு. முக்கியமான மெஷின்னு சொல்றேளே, அதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 108 என் இரண்டாவது தெருவுக்குள்தான் வருகிறது. காலியாகவும் இருந்தது. தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

திறப்பு நாள்

சர்வரைப் பொருத்தியது அந்த சாஃப்ட்வேர் விற்றவர்களின் ஆள். முதல் நாள் சாயங்காலம் மதுரையிலிருந்து வந்தார், நான் எழுதிக் கொடுத்த எண்ணைப் போட்டார், லேபில் ஓட்டிக் காட்டினார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். லேபில் ஓடியது, டாக்டர் அறையில் ஓடியது, புத்தூருக்கும் தெரிந்தது. ரிசப்ஷன் கம்ப்யூட்டர்கள் மறுநாள் விடிந்துதான் வந்து சேர்ந்தன.

சென்னைக் கம்பெனிக்காரர் பெயர் தினேஷ். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை. நல்ல பையன் என்றுதான் சொல்ல வேண்டும், நான் திணறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. ரிசப்ஷனில் உட்கார்ந்து 108-க்கு பிங் போட்டேன், இருக்கிறாயா என்று குரல் கொடுத்துப் பார்ப்பது மாதிரி. பதில் இல்லை. என் கேட்வேக்குப் போட்டேன், வந்தது. லேப் தெருவின் கேட்வேக்குப் போட்டேன், அதுவும் வந்தது. 108 மட்டும் இல்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினேன், எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகலாம் என்று சொல்கிற ஃபயர்வால் ரூலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரஃபி லேபிலிருந்து எட்டிப் பார்த்து, இங்கே நன்றாக ஓடுகிறது அக்கா என்றார். எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

தினேஷ் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், நாலா பிரிச்சதையெல்லாம் எடுத்துட்டு, மொத்தத்தையும் ஒண்ணாப் போட்டுருங்க. ஸ்லாஷ் 24. இப்பவே ஓடிரும்."

ஓடும். அதுதான் கொடுமை. உடனே ஓடும், எல்லோரும் கைதட்டுவார்கள், நான் தப்பித்துவிடுவேன். ஆனால் ஏன் ஓடவில்லை என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். வைஃபைக்காரர்களும் லேப் ரிப்போர்ட்டும் ஒரே தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

ரங்கராஜன் சார் என் காதருகே குனிந்தார். "நான் கேட்ட நம்பராலயா இப்படி? வேணும்னா மாத்திடுங்கோ. பெருமாள் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்." குரல் உண்மையாகவே கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. 108 மேல் தப்பில்லை சார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

ஃபயர்வாலில் போய்ப் பார்த்தேன். ரிசப்ஷனிலிருந்து கிளம்பியது லேப் தெருவுக்குள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி எதுவும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் கேட்கிறவரின் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வேண்டியவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. பஸ்ஸில் ரஃபி கேட்டதும் அப்படித்தான், பரீட்சையில் நான் படித்ததும் அப்படித்தான், அனுப்புகிறவர் எந்தத் தெரு என்பதோடு நின்றுவிட்டது.

லேபுக்கு ஓடினேன். சர்வர் முன்னால் உட்கார்ந்து ரிசப்ஷனுக்கு பிங் போட்டேன். போய்ச் சேர முடியவில்லை என்று வந்தது. அதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஆனால் அதைச் சொல்வது யார் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். வரியின் ஆரம்பத்தில் 192.168.20.108 என்று இருந்தது. சர்வர் தானே தனக்குச் சொல்லிக்கொள்கிறது. கேட்வேயிடம் அது கொடுக்கவே இல்லை. தன் தெருவிலேயே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று முடிவு செய்துவிட்டது.

அப்படியென்றால் ரிசப்ஷன் தன் தெருதான் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. மாஸ்க்கைத் திறந்தேன். 255.255.255.0.

நான் எழுதிக் கொடுத்தது 255.255.255.192. எண்ணைப் போட்டுவிட்டு டேப் பட்டனைத் தட்டினால் விண்டோஸ் தானாகவே அந்த 0-வை நிரப்பும். ஊர் முழுக்க எல்லா ஆபீஸிலும் அதுதான் இருக்கும் என்பதால் நம் ஆட்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மதுரைக்காரரும் டேப்பைத் தட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். பாவம், சர்வர் கிளினிக் முழுவதும் ஒரே தெரு என்று நம்பியது. புத்தூரின் எண் வேறு மாதிரி இருந்ததால் அது வெளியூர் என்று தெரிந்து கேட்வேயிடம் கொடுத்தது, போய்ச் சேர்ந்தது. டாக்டர் அறை உண்மையிலேயே அதன் தெரு, கூப்பிட்டால் கேட்டது. பத்தடி தள்ளி இருந்த ரிசப்ஷன்தான் பக்கத்தில் இருந்தும் வேறு தெரு. அதை மட்டும் தப்பாக நினைத்துக்கொண்டது.

0-வை எடுத்துவிட்டு 192 போட்டேன். வெளியே ஸ்டிக்கர் பிரிண்டர் கிர்ரென்று சத்தம் போட்டது. ரஃபி அல்ஹம்துலில்லாஹ் என்று முதல் ஊசியை எடுத்தார். ரங்கராஜன் சார் ஓடி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"108-ஐ மாத்தலையே?"

"இல்ல சார். அது இருந்த இடத்துலயே இருக்கு."

தினேஷ் குனிந்து ஸ்கிரீனில் மாஸ்க்கைப் படித்தார். பிறகு நெட்வொர்க்கைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லாமல், சாப்பிட நல்ல இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

டோனர்

பரீட்சையை மறுபடி எழுதினேன். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், போகிற வழி ஒன்று, திரும்புகிற வழி ஒன்று. பாஸ். அதையும் உடனே ஸ்கிரீனில் காட்டிவிட்டார்கள், அந்தத் தடவை எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. புத்தூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நெட்வொர்க் பொறுப்பு எனக்கு வந்தது. அடுத்ததாக மருங்காபுரிப் பக்கம் ஒரு கிளினிக் வரும் என்கிறார் ரங்கராஜன் சார். அங்கேயும் 108 வேண்டுமாம்.

இளைய ஆட்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒன்று போய்ச் சேரவில்லை என்றால் கேட்கிறவரை மட்டும் சோதிக்காதீர்கள், பதில் சொல்ல வேண்டியவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் பாருங்கள். யாரும் குறை சொல்லவில்லை என்பதற்காகச் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

பொறுப்பு ஏற்றுக்கொண்ட அன்று எனக்கு வந்த முதல் போன் ஸ்ரீரங்கத்திலிருந்து. டாக்டர் அறை பிரிண்டர், புதிதாகக் கொண்டுவந்து வைத்தது. "மேடம், பிரிண்ட் மங்கலா வருது."

போனேன். டோனரைக் குலுக்கிப் போட்டேன், கை கருப்பானது. கிளம்புவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று பிரிண்டரின் சின்னத் திரையில் மெனுவைத் தள்ளித் தள்ளி மாஸ்க்கைப் பார்த்தேன்.

255.255.255.0.