உனைசி பாட வேண்டுமென்றால்

முதலில் ஜன்னல் திரைகளை விலக்கிப் பார்ப்பாள். பிறகு ஒலிபெருக்கிக்குப் பின்னால். பிறகு மேசைமேல் இருக்கும் செம்பருத்திச் சாடியைத் தூக்கி அதன் அடியில். பாட்டைப் பிடித்து வைக்கிற கருவி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிங்கத்தோகா ஊர் மண்டபத்தில் உனைசி பாயில் உட்காருவாள். அதற்குள் எங்கள் கைபேசிகள் எல்லாம் அவளுடைய தாழையோலைக் கூடைக்குள் போயிருக்கும். கூடை அவள் முழங்காலுக்கு அடியில்.

சனிக்கிழமைச் சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கிறவள். தன் தோட்டத்தில் தானே பிடுங்கிய கிழங்கையும் தட்டிப் பார்த்துத்தான் அடுக்குவாள். "வர்ற வழியில யாரு மாத்தி வெச்சாங்களோ," என்பாள்.

அவளிடம் ஒரு பாட்டு இருக்கிறது. படகு கவிழ்ந்து போன தன் ஊர்ப் பெண்கள் ஆறு பேருக்காக அவள் அம்மா கட்டியது. ஒருமுறை ஏதோ ஒரு விடுதியில், சுற்றுலாக்காரர்கள் சாப்பிடும்போது, அதே மெட்டை யாரோ கித்தாரில் பாடக் கேட்டாள். செத்தவர்கள் பெயர் வரும் இடத்தில் 'வாங்க வாங்க' என்று வரவேற்பு. அதற்குப் பிறகு அவள் அதை வெளியார் முன்னால் பாடியதே இல்லை.

மாதம் ஒரு மாலை இந்த மண்டபத்தில் அவரவர் மொழியில் கவிதை சொல்வோம், பாடுவோம். அடுத்தவர் வாத்தியம் சேர்ப்பார். கரும்பு லாரி ஓட்டும் பர்மோத்துக்கு உனைசியின் பாட்டோடு ஆர்மோனியம் வாசிக்க ஆசை. அவள் ஊர் முறைப்படி அனுமதி கேட்க, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா கொண்டுவந்தார். ஆனால் வேராக இல்லை, கடையில் இடித்துக் கட்டிய தூள் பொட்டலம்.

"இது குடிக்கிறதுக்கு. கேக்கிறதுக்கு முழு வேரு வேணும்," என்றாள் உனைசி. "இடிச்சுட்டா உள்ள என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? உன்னைய மாதிரிதான்."

"நான் என்னக்கா, கலப்படமா?"

"தெரியாமத்தானே தம்பி கேக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பர்மோத் எழுந்து வெளியே போய்விட்டார். மனத்தாங்கல் ஆகிவிடக் கூடாதே என்று நான் மாரியம்மனை நினைத்துக்கொண்டு மற்றப் பாய்களை விரித்தேன்.

இரண்டு பேர் கவிதை சொல்லி முடித்தபோது அவர் திரும்பி வந்தார். கையில் மண் உதிரும் வேர்க்கட்டு. அவள் முன்னால் சம்மணமிட்டு அதை வைத்தார்.

"ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்க்கா. நீங்க நிறுத்துன்னா நிறுத்திடுவேன்."

உனைசி ஒரு வேரை ஒடித்து முகர்ந்தாள். "யாரு தோட்டம்?"

"உங்க பெரியப்பா மவன் தோட்டம்."

"அவன் லேசுல குடுக்க மாட்டானே."

"திட்டிட்டுத்தான் குடுத்தாரு."

அதை நம்பினாள். உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை தட்டி ஏற்றுக்கொண்டாள். உடனே ஆர்மோனியத்தின் பக்கம் கண் போயிற்று.

"இந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"காத்துதான்க்கா."

"பாக்கலாம்."

குனிந்து, ஆர்மோனியத்தின் பலகைமேல் காதை அழுத்தி வைத்தாள். பர்மோத் துருத்தியை மெல்ல அசைத்து ஒரே ஒரு கட்டையைத் தொட்டார். உனைசி நிமிரவில்லை. கண்ணை மூடி, காதை எடுக்காமல், அப்படியே குனிந்தபடி, முதல் பெண்ணின் பெயரைப் பாடத் தொடங்கினாள்.