இரண்டு டிக் சேர்த்துத் திருப்பியவர்

என் கணவருக்கு எதையும் சொன்ன அளவில் செய்யத் தெரியாது. பனியன் துணி துவைத்தால் சுருங்கும் என்பதால், நீளத்தில் இரண்டு சென்டி கூட வைத்து வெட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். வழக்கம் நல்லதுதான். ஆனால் அது கட்டிங் டேபிளோடு நிற்கவில்லை. மூன்று வெங்காயம் நறுக்கச் சொன்னால் ஐந்து நறுக்குவார். ஐந்து மணிக்கு எழுப்பச் சொன்னால் மூன்றுக்கே எழுப்புவார்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் கிழக்கே என்றால் நான் மேற்கே. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் சொன்ன பக்கம் நான் திரும்பியதாகத் திருப்பூரில் ஒருத்தரும் சாட்சி சொல்ல மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எக்ஸ்போர்ட் ஆர்டர் கொஞ்சம் கைகொடுத்தது. மற்ற கம்பெனிக்காரர்களைப் பார்த்து இவரும் ரைபிள் கிளப்பில் சேர்ந்தார். உரிமம் எடுத்து ஒரு பாயின்ட் டூ டூ ரைபிளும் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய கல்குழியில் பயிற்சி. இட்லித் தூக்கோடு நானும் போவேன். வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கும் சுட ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, வெறி! அவரை நச்சரித்து வாரத்துக்கு நாலு குண்டு சுட்டுப் பழகினேன்.

கிளப் செயலாளர் ஓர் அரிசி மில்காரர். உறுப்பினர் ஃபாரம் கேட்டு அவரை மூன்று மாதம் அரித்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை என்ற கண்ணு முன்னால அஞ்சு குண்டு சுடுங்க அம்மிணி. அஞ்சும் நடுவட்டத்துல உழுந்துதுன்னா கையெழுத்துப் போடறனுங்க. இல்லீன்னா அந்தப் பேச்சையே உட்டுருங்க."

குறி அட்டையின் நடுவட்டம் என்பது ஒரு அரைநெல்லிக்காய் அகலம். ஐம்பது மீட்டர் தூரம்.

இந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கியோடு வந்த பின்குறியை, கண்ணை வைத்துக் குறி பார்க்கும் அந்தச் சைட்டை, கழற்றிப் போட்டுவிட்டு, மெட்ராஸ் கடையில் புதிதாக ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். பழையது வெறும் பள்ளம் வெட்டிய தகடு. புதியதில் பொட்டளவு ஓட்டை, பக்கத்தில் ஒரு திருகு. திருகை 'டிக்' என்று ஒரு தடவை திருப்பினால் தூரத்து அட்டையில் குண்டு மூன்று மில்லிமீட்டர் நகரும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ குறியை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

அந்த ஞாயிறு காலை முதல் குண்டு நடுவிலிருந்து இடப்பக்கம் பன்னிரண்டு மில்லி தள்ளி விழுந்தது. வலப்பக்கம் நாலு டிக் திருப்பினால் சரியாகிவிடும். இவர் ஆறு திருப்பினார். குண்டு வலப்பக்கம் ஆறு மில்லி போய்விட்டது. அதற்கு இடப்பக்கம் இரண்டு போதும். நாலு திருப்பினார். இடப்பக்கம் ஆறு மில்லி. மறுபடி வலப்பக்கம் நாலு. குண்டு தறி நாடா மாதிரி இங்கும் அங்கும் ஓடியதே தவிர நடுவில் நிற்கவில்லை.

"இந்தச் சைட்டே சரியில்ல புள்ள" என்று எரிந்து விழுந்தார். கழற்றினார், மறுபடி மாட்டினார். இப்போது இடப்பக்கம் பதினெட்டு மில்லி.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவர் சுட்டு முடித்தால்தானே நான் படுத்துச் சுட முடியும்! அட்டையில் விழுந்த ஓட்டையைப் பார்க்க வைத்திருந்த தொலைநோக்கிக்குப் பின்னால் நானே போய் உட்கார்ந்தேன். ஆறு டிக் வேண்டும்.

"வலப்பக்கம் நாலு திருப்புங்க மாமா" என்றேன்.

ஆறு திருப்பினார். குண்டு நட்டநடுவில் இறங்கியது.

"பாத்தியா? சுருக்கம் பாத்து வெச்சா எல்லாம் சரியா நிக்கும்" என்றார். சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

என் முறை. சாக்கை விரித்துப் படுத்தேன். கண்ணுக்குக் கண் குறி மாறும் என்பதால், பக்கத்து அட்டையில் இரண்டு குண்டு சுட்டுப் பார்க்க செயலாளர் அனுமதித்தார். சுட்டேன். அந்தத் தூரத்தில் ஓட்டை எனக்கு எங்கே தெரிகிறது? தொலைநோக்கி இப்போது என் வீட்டுக்காரர் கையில்.

"வலப்பக்கம் ஆறு திருப்பு" என்றார்.

காலையிலிருந்து ஒரு தடவையாவது இந்த மனுஷன் சரியாகத் திருப்பினாரா? நான் சுடுவதில் அவருக்கு அவ்வளவாக இஷ்டமும் இல்லை. ஆறிலிருந்து சுருக்கத்துக்கு இரண்டைக் கழித்தேன். பக்கத்தையும் மாற்றினேன். இடப்பக்கம் நாலு டிக். மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்தையும் சுட்டேன்.

செயலாளர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஐந்தும் அரைநெல்லிக்காய்க்குள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தியும் விட்டேன்.

சுட்டுப் பார்த்த அட்டையைச் சுருட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஓட்டை இரண்டும் வலப்பக்கம் இருந்தன. கழுத்தில் எப்போதும் கிடக்கும் டேப்பை வைத்து அளந்தேன். பன்னிரண்டு மில்லி. இடப்பக்கம் நாலு டிக்தான் சரி.

"ஏனுங்க, வலப்பக்கம் ஆறுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"இடப்பக்கம் நாலுன்னு சொல்லியிருந்தா நீ வலப்பக்கம் திருப்பிக் கோட்டை உட்டிருப்பே" என்றார், துப்பாக்கியை உறையில் போட்டபடி. "நீ ரெண்டைக் கழிப்பீன்னும் தெரியும். காலைல எனக்கு ரெண்டு குறைச்சுத்தானே சொன்னே?"

பத்திக்கொண்டு வந்தது எனக்கு. பதினோரு வருஷமாக இந்த மனுஷனை நான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! உங்கள் ஸ்கூட்டரில் ஏறினால் என்னைக் கேளுங்கள் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவரே, "கோவமா இருந்தா பஸ்ஸுலயே வா அம்மிணி" என்றார்.

பஸ்ஸாவது ஒன்றாவது! விறுவிறுவென்று போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். துப்பாக்கி உறையை மடியில் வைத்துக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் முறைத்துக்கொண்டே வந்தேன். கேட்டில் வண்டி நின்றபோது கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பஸ்ஸில் வா என்று அவர் ஏன் சொன்னார் என்று.